கண்டெய்னர் வீடுகள்: நிதியும் நில அனுமதியும்

கண்டெய்னர் வீடு என்பது கப்பலில் சரக்கு ஏற்றப் பயன்படும் எஃகுப் பெட்டகத்தை, அல்லது அதே அளவில் தொழிற்சாலையில் புதிதாகச் செய்த பெட்டகத்தைக் கொண்டு அமைக்கப்படும் குடியிருப்பு. தமிழில் இது சரக்குப் பெட்டக வீடு என்றும் பெட்டக வீடு என்றும் குறிக்கப்படுகிறது. ஒற்றைப் பெட்டகம் ஓர் அறையாகவோ சிறு வீடாகவோ அமையலாம். பல பெட்டகங்களை அடுக்கி மாணவர் விடுதி, அடுக்குமாடிக் குடியிருப்பு, பேரிடர்க் கால முகாம் ஆகியவையும் கட்டப்பட்டுள்ளன.

இவ்வீடுகளைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் அவற்றின் வடிவத்தையும் மலிவையும் பேசுகின்றன. ஆனால் 2000க்குப் பின் கட்டப்பட்ட பெரிய குடியிருப்புகள் உருவானதற்கும், நீடித்ததற்கும், சில இடங்களில் கண்டனத்துக்கு உள்ளானதற்கும் முக்கியக் காரணங்கள் இரண்டு: நிலத்தின் மேல் கிடைத்த அனுமதி எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும், பணம் எந்த நிபந்தனையோடு வந்தது என்பதும். இக்கட்டுரை கண்டெய்னர் வீட்டின் வரலாற்றை அந்தக் கோணத்தில் தொகுக்கிறது.

பெட்டகத்தின் தோற்றம்

கடல் வணிகத்தில் சீரான பெட்டக முறையைப் பரவலாக்கியவர் அமெரிக்க லாரிப் போக்குவரத்துத் தொழிலதிபர் மால்கம் மெக்லீன். 1956 ஏப்ரல் 26 அன்று 'ஐடியல் எக்ஸ்' என்ற கப்பல் 58 பெட்டகங்களுடன் நியூஜெர்சியின் நியூவார்க்கிலிருந்து டெக்சாசின் ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. அதுவரை மூட்டைகளையும் பெட்டிகளையும் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாகக் கப்பலில் ஏற்றி வந்தனர். அம்முறையில் ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 5.86 டாலர் ஆன ஏற்றுகூலி, பெட்டக முறையில் 16 சென்ட்டாகக் குறைந்தது என்பது பரவலாக எடுத்தாளப்படும் கணக்கு.

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை வைத்திருந்தது. 1968இல் பன்னாட்டுத் தர நிர்ணய அமைப்பு (ஐ.எஸ்.ஓ.) பெட்டக அளவுகளை வரையறுத்தது. இன்று பெரிதும் புழங்கும் பெட்டகங்கள் 20 அடி, 40 அடி நீளமுள்ளவை. இரண்டுக்கும் அகலம் 8 அடி, அதாவது 2.44 மீட்டர். வழக்கமான உயரம் 2.59 மீட்டர். 'ஹை கியூப்' எனப்படும் உயரமான வகை 2.90 மீட்டர். வெற்று 40 அடிப் பெட்டகத்தின் எடை சுமார் 3.7 டன்.

பெட்டகத்தின் வலிமை அதன் நான்கு மூலைத் தூண்களில் இருக்கிறது. கப்பலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது மேலுள்ள பெட்டகங்களின் எடை இத்தூண்கள் வழியாகவே கீழே இறங்குகிறது. மூலைத் தூண்கள் 192 டன் அடுக்குச் சுமையைத் தாங்குகின்றனவா என்று சோதிப்பது நீண்டகாலத் தர விதியாக இருந்தது. மடிப்புத் தகடாலான பக்கச் சுவர்கள் சட்டகத்தை விறைப்பாக வைக்கின்றன. கூரைத் தகடு மெல்லியது. வீடாக மாற்றுவோர் சன்னலுக்கும் கதவுக்கும் சுவரை வெட்டும்போது இந்த விறைப்பு குறைகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றி எஃகுச் சட்டம் பற்றவைத்து அதை ஈடுசெய்ய வேண்டும். பெட்டகம் மலிவு, வீடு அத்தனை மலிவல்ல என்ற அனுபவம் இங்கிருந்தே தொடங்குகிறது.

சரக்குப் பெட்டகத்திலிருந்து குடியிருப்புக்கு

ஆசியாவிலிருந்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்ற சரக்கின் அளவு, திரும்பி வந்த சரக்கைவிடப் பல மடங்கு அதிகம். வெற்றுப் பெட்டகத்தைத் திருப்பி அனுப்பும் செலவு, சில காலங்களில், சீனாவில் புதிய பெட்டகம் வாங்கும் விலையோடு போட்டியிட்டது. அதனால் இறக்குமதி நாடுகளின் துறைமுகங்களில் பெட்டகங்கள் தேங்கின. அவற்றைக் கட்டடமாக்கலாம் என்ற எண்ணத்துக்கு இத்தேக்கமே பின்னணி.

1987 நவம்பரில் பிலிப் கிளார்க் என்ற அமெரிக்கர், எஃகுப் பெட்டகங்களைக் கட்டுமிடத்திலேயே வசிக்கத் தக்க கட்டடமாக மாற்றும் முறைக்குக் காப்புரிமை கோரினார். 1989 ஆகஸ்டில் அது வழங்கப்பட்டது. காப்புரிமை கிடைத்தும் பெருமளவில் வீடுகள் உடனே எழவில்லை. தொழில்நுட்பம் கைவசம் இருந்தது. அதற்கு இடமும் பணமும் தரும் ஏற்பாடு பின்னரே வந்தது.

2001இல் லண்டன் கிழக்குப் பகுதியில் உள்ள டிரினிட்டி பாய் வார்ஃப் என்ற பழைய துறையில் 'கண்டெய்னர் சிட்டி' எழுந்தது. அர்பன் ஸ்பேஸ் மேனேஜ்மென்ட் நிறுவனம் இதை உருவாக்கியது. கட்டடக் கலைஞர் நிக்கலஸ் லேசி. மூன்று தளங்களில் 12 பணிக்கூடங்கள் அமைந்தன. பெட்டகங்களை இடத்தில் நிறுத்த நான்கு நாள்களே ஆயின. முழுப் பணியும் முடிய ஐந்து மாதம் ஆயிற்று. பின்னர் நான்காம் தளமும், அருகில் இரண்டாவது கட்டடமும் சேர்ந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது நில ஏற்பாடு. கப்பல் தொழில் விலகியதால் மதிப்பிழந்து கிடந்த நிலம் நீண்டகாலக் குத்தகைக்குக் கிடைத்தது. வாடகை வருமானத்தின் ஒரு பகுதி கலைப்பணிகளுக்கான அறக்கட்டளைக்குச் சென்றது. குத்தகை நீண்டதாக இருந்ததால் கட்டடத்துக்கு இட்ட முதலை மெதுவாகத் திரும்பப் பெற முடிந்தது. பின்னர் வந்த பல திட்டங்களுக்கு இந்த வசதி வாய்க்கவில்லை.

ஆம்ஸ்டர்டாமின் கீட்வோனன்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் மாணவர் அறைகளுக்குக் கடுமையான தட்டுப்பாடு நிலவியது. நகரின் கிழக்குப் பகுதியில், வெங்கபாஹ் சாலை ஓரமாக, வேறு திட்டத்துக்காகக் காத்திருந்த நிலத்தில் 1,000 மாணவர் குடியிருப்புகள் கொண்ட தொகுப்பு 2005இல் தொடங்கி 2006இல் நிறைவடைந்தது. டி கெய் என்ற வீட்டுவசதிச் சங்கத்துக்காக டெம்போஹவுசிங் நிறுவனம் இதை அமைத்தது. 'கீட்' என்பது டச்சு மொழியில் கட்டுமானத் தொழிலாளர் தங்கும் கொட்டகையைக் குறிக்கும்; 'வோனன்' என்றால் வசித்தல். 'கீட்வோனன்' என்ற பெயர் கொட்டகை வாழ்வு என்று பொருள்படும் சொல்விளையாட்டு.

ஒவ்வொரு குடியிருப்பும் 40 அடி நீளமுள்ள ஒரு பெட்டகம். ஏறத்தாழ 28 சதுர மீட்டர் பரப்பில் படுக்கும் இடம், படிக்கும் இடம், குளியலறை, சமையலிடம், சிறு பால்கனி ஆகியவை அடங்கின. பெட்டகங்கள் ஐந்து தளங்கள் வரை அடுக்கப்பட்டன. மழைநீர் வடியவும் வெப்பம் தடுக்கவும் மேலே தனிக் கூரை போடப்பட்டது. இக்குடியிருப்புகள் சீனத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டுக் கடல்வழியாக வந்தவை. ஆகவே துறைமுகத்தில் தேங்கிய பழைய பெட்டகத்தை மறுபயன் செய்த கதையாக இதைக் கொள்ள முடியாது. பெட்டகத்தின் அளவும், அதைக் கப்பலிலும் லாரியிலும் ஏற்றும் வசதியுமே இங்கே பயன்பட்டன.

மாணவர்கள் தொடக்கத்தில் இதைத் தயக்கத்துடன் பார்த்தனர். நகரின் மையத்திலிருந்து விலகிய இடம், இரும்புப் பெட்டி என்ற தோற்றம் ஆகியவை அதற்குக் காரணம். ஆனால் தனிக் குளியலறையும் தனிச் சமையலிடமும் உள்ள அறை அதே வாடகைக்கு வேறெங்கும் கிடைப்பது அரிது என்பதால் இது விரைவில் விரும்பப்படும் இடமாயிற்று.

இதன் நிதி ஏற்பாட்டில் ஒரு முக்கிய நுணுக்கம் உண்டு. நெதர்லாந்தில் குறைந்த வருமானம் உள்ள வாடகைதாரருக்கு அரசு வாடகை உதவித்தொகை வழங்குகிறது. பொதுவாக அதைப் பெற, குடியிருப்புக்குத் தனி வாசல், தனிச் சமையலிடம், தனிக் கழிப்பறை ஆகியவை இருக்க வேண்டும். பல மாணவர்கள் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் விடுதி அறைக்கு இத்தொகை கிடைப்பதில்லை. பெட்டகம் தனி வீடாக அமைந்ததால் மாணவர்கள் உதவித்தொகைக்குத் தகுதி பெற்றனர். வீட்டுவசதிச் சங்கம் கட்டுமானச் செலவை மீட்கும் அளவுக்கு வாடகை வைக்கவும், மாணவர் அதைத் தாங்கவும் இது வழி செய்தது. ஒரு சமையல் மேடையும் ஒரு கழிப்பறையும் வசதிக்காக மட்டுமின்றி நிதிக் கணக்குக்காகவும் தேவைப்பட்டன.

ஐந்தாண்டு அனுமதியின் கணக்கு

கீட்வோனன் அமைந்த நிலம் நிரந்தரக் குடியிருப்புக்கு ஒதுக்கப்பட்டதல்ல. அக்காலத்து டச்சு நிலத்திட்டச் சட்டம், திட்டத்துக்கு மாறான பயன்பாட்டைத் தற்காலிகமாக அனுமதிக்க இடம் தந்தது. ஆனால் அதன் உச்சவரம்பு ஐந்து ஆண்டு. அதன்பின் கட்டடத்தை அகற்றி நிலத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

ஐந்தாண்டு வரம்பு நிதிக் கணக்கை எப்படி அழுத்துகிறது என்பதை எளிய எடுத்துக்காட்டால் காணலாம். ஒரு வீட்டை அமைக்க 100 பங்கு செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 30 ஆண்டுகளில் மீட்க ஆண்டுக்கு 3.3 பங்கு வாடகை போதும். 10 ஆண்டுகளில் மீட்க 10 பங்கு வேண்டும். 5 ஆண்டுகளில் மீட்க 20 பங்கு வேண்டும். பெட்டகமும் கட்டுமானச் செலவும் ஒன்றே. அனுமதிக் காலம் மாறுவதால் மட்டும் வாடகைச் சுமை ஆறு மடங்காகிறது.

இதோடு அடித்தளம், கழிவுநீர்க் குழாய், மின் இணைப்பு, நடைபாதை ஆகியவற்றின் செலவையும் கூட்ட வேண்டும். பெட்டகத்தைக் கிரேனால் தூக்கி வேறிடம் கொண்டு செல்லலாம். மண்ணுக்குள் புதைத்த குழாயையும் கான்கிரீட்டையும் அப்படிக் கொண்டு செல்ல முடியாது. ஒவ்வோர் இடமாற்றத்திலும் இச்செலவு மீண்டும் ஏற்படும். இடம் மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற வாக்குறுதியின் மேல் நிதித் திட்டம் நிற்கும்போது, அடுத்த நிலம் எங்கே என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நகரங்களில் அது அரிதாகவே தெரிந்திருக்கிறது.

கீட்வோனனும் ஐந்து ஆண்டில் இடம்பெயரவில்லை. அதன் காலம் 2016 வரை நீட்டிக்கப்பட்டது. நெதர்லாந்து அரசு 2014இல் விதிகளைத் திருத்தித் தற்காலிகப் பயன்பாட்டுக்கான அனுமதியைப் பத்து ஆண்டு வரை வழங்க வழி செய்தது. மேலே கண்ட கணக்கின்படி இத்திருத்தம் ஆண்டுச் சுமையைப் பாதியாக்கக் கூடியது.

கல்வி முடிந்த பின்னும் மாணவர் அறையைக் காலி செய்யாதிருப்பது இன்னொரு சிக்கல். இதற்காக, படிப்பு முடிந்து ஆறு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்ற வளாக ஒப்பந்த முறை டச்சுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. குடியிருப்பு மாணவருக்கே தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இதனால் ஏற்பட்டது.

பிரான்சின் துறைமுக நகரான லெ ஹாவ்ரில் 2010இல் 'சிட்டே ஆ டாக்ஸ்' என்ற மாணவர் குடியிருப்பு திறக்கப்பட்டது. கத்தானி கட்டடக் கலை நிறுவனம் வடிவமைத்த இதில் 24 சதுர மீட்டர் அளவில் 100 வீடுகள் உள்ளன. இங்கே பெட்டகங்கள் நேரடியாக ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படவில்லை. உலோகச் சட்டகத்துக்குள் பொருத்தப்பட்டன. ஓசையும் தீயும் பரவாதிருக்கக் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நிரந்தரக் கட்டடத்துக்குரிய தரத்தை எட்ட, பெட்டகத்தைச் சுற்றிக் கிட்டத்தட்ட இன்னொரு கட்டடமே தேவைப்பட்டது என்பதை இது காட்டுகிறது.

பிரைட்டனும் லண்டனும்

இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் பழைய இரும்புக் கடை இருந்த ரிச்சர்ட்சன்ஸ் யார்டு என்ற இடத்தில் 2013 இறுதியில் 36 பெட்டக வீடுகள் அமைந்தன. இவை ஆம்ஸ்டர்டாமில் ஒரு குடியிருப்புத் திட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. அத்திட்டம் நிதியின்றி நின்றுபோனதால் இங்கிலாந்துக்கு வந்தன. கியூ.இ.டி. என்ற தனியார் நிறுவனம் வீடுகளை அமைத்தது. பிரைட்டன் ஹவுசிங் டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பு நிர்வகித்தது. வீடற்றிருந்த தனிநபர்கள் அங்கே குடியேறினர். நிலம் பின்னாளில் வேறு கட்டுமானத்துக்குப் போகும் என்ற எண்ணத்தில் ஐந்தாண்டு அனுமதியே தரப்பட்டது. பின்னர் அது நீட்டிக்கப்பட்டது.

வீடற்றோருக்கு இருப்பிடம் தர இங்கிலாந்தின் உள்ளாட்சி மன்றங்கள் சட்டப்படி கடமைப்பட்டவை. வீடு இல்லாதபோது தனியார் தங்கும் விடுதிகளில் இரவுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்துக் குடும்பங்களைத் தங்கவைத்தன. இந்த நிலையில் கண்டெய்னர் வீட்டின் செலவை நிரந்தர வீட்டின் செலவோடு யாரும் ஒப்பிடவில்லை. விடுதி அறையின் இரவு வாடகையோடுதான் ஒப்பிட்டனர். அவ்வாறு பார்க்கும்போது மன்றத்துக்குச் சொந்தமான காலி நிலத்தில் பெட்டகம் அடுக்குவது இலாபமாகத் தெரிந்தது. மேற்கு லண்டனின் ஈலிங் பகுதியில் 2017 முதல் இத்தகைய குடியிருப்புகள் அமைந்தன.

ஆனால் அங்கே தங்கியவர்கள் தனி மாணவர்கள் அல்லர். பிள்ளைகளோடு வந்த குடும்பங்கள். 2019 ஆகஸ்டில் இங்கிலாந்துக் குழந்தைகள் ஆணையர் வெளியிட்ட வீடற்ற குழந்தைகள் குறித்த அறிக்கை, பெட்டக வீடுகளில் வசிக்கும் குழந்தைகளையும் பற்றிப் பேசியது. கோடையில் தாங்க முடியாத வெப்பம், குளிர்காலத்தில் கடும் குளிர், பிள்ளைகள் விளையாட இடமில்லாத நெருக்கம் ஆகியவை அதில் சுட்டப்பட்டன. தற்காலிக இருப்பிடங்களிலும் உறவினர், நண்பர் வீடுகளிலும் ஒண்டிக்கொண்டு வாழும் குழந்தைகளின் எண்ணிக்கை 2,10,000க்கும் மேல் இருக்கலாம் என்று அவ்வறிக்கை மதிப்பிட்டது.

ஒரு மாணவருக்குப் போதுமான 28 சதுர மீட்டர், தாயும் இரண்டு பிள்ளைகளும் மாதக்கணக்கில் வாழும்போது வேறு பொருள் கொள்கிறது. பெட்டகத்தின் உள் அகலம் 2.35 மீட்டர். இரு பக்கமும் வெப்பத்தடுப்பும் உட்சுவரும் வைத்தபின் ஏறத்தாழ 2.2 மீட்டர் மிஞ்சும். ஒரு கட்டிலைக் குறுக்கே போட்டால் நடக்க வழியில்லை. எத்தனை நாள் தங்குவார்கள் என்ற கேள்விக்குத் திட்டத்தில் எழுதப்பட்ட விடையும் நடைமுறையில் கிடைத்த விடையும் வேறுபட்டதே கண்டனத்துக்கு அடிப்படை.

ஓனகவா: பேரிடருக்குப் பின்

2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கிய நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் மியாகி மாவட்டத்தின் ஓனகவா ஊரைப் பெரும்பாலும் அழித்தன. மலைகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அவ்வூரில் சமதளம் குறைவு. வழக்கமான ஒற்றைத் தளத் தற்காலிக வீடுகளைப் பரப்ப இடம் இல்லை. கட்டடக் கலைஞர் ஷிகெரு பான், 20 அடிப் பெட்டகங்களைச் சதுரங்கக் கட்டம்போல் இடைவெளி விட்டு மூன்று தளங்கள் வரை அடுக்கும் திட்டத்தை முன்வைத்தார். பேஸ்பால் மைதானத்தில் 189 வீடுகள் எழுந்தன. பெட்டகங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடம் சன்னல்கள் உள்ள திறந்த அறையாயிற்று. பெட்டக அகலத்தின் குறுக்கம் இதனால் தீர்ந்தது.

ஜப்பானில் பேரிடர்க் காலத் தற்காலிக வீடுகளை அரசு நிதியில் மாவட்ட நிர்வாகங்கள் கட்டித் தருகின்றன. குடியிருப்போர் வாடகை தருவதில்லை. தங்கும் காலம் விதிப்படி இரண்டு ஆண்டு. நிரந்தர வீடுகளுக்கு மேட்டு நிலத்தைச் சீராக்கப் பல ஆண்டுகள் ஆனதால் அக்காலம் மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இங்கும் 'தற்காலிகம்' எவ்வளவு நீளும் என்பதை நிலமே முடிவு செய்தது. ஆனால் ஓனகவா வீடுகள் வசிப்போரின் ஒலித் தனிமை, வெளிச்சம், பொருள் வைக்கும் அலமாரி ஆகியவற்றைக் கருதி வடிவமைக்கப்பட்டவை. ஆகவே காலம் நீண்டபோதும் அவை வாழத் தக்கவையாக இருந்தன.

கலிபோர்னியா: நிபந்தனையோடு வந்த பணம்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஆரஞ்சு மாவட்டத்தின் மிட்வே சிட்டியில், 2017இல் 'பாட்டர்ஸ் லேன்' திறக்கப்பட்டது. வீடற்றிருந்த முன்னாள் படைவீரர்கள் 15 பேருக்கும் ஒரு மேலாளருக்கும் பெட்டகங்களால் அமைந்த வீடுகள் இவை. குறைந்த வருமானம் உள்ளோருக்கான வீடுகள் என்ற நிபந்தனையுடன் நிதி கிடைத்திருந்தது. போரில் உடல் ஊனமுற்ற வீரர்களுக்கு அரசு தரும் உதவித்தொகையும் வருமானமாகக் கணக்கிடப்பட்டது. அதனால் ஊனம் மிகுந்த, உதவித்தொகை கூடுதலாகப் பெறும் வீரர்கள் வருமான வரம்பைத் தாண்டித் தகுதி இழந்தனர். வீடு தயாராக இருந்தும் சில வீடுகள் திறப்புக்குப் பின் மாதக்கணக்கில் காலியாக இருந்தன.

இக்குறை பெட்டக வீடுகளுக்கு மட்டும் உரியதல்ல. நிதி விதியில் இருந்தது. 2024 ஆகஸ்டில் அமெரிக்க வீட்டுவசதித் துறை, முன்னாள் படைவீரர் வீட்டு உதவித் திட்டத்தில் தகுதியை முடிவு செய்யும்போது ஊன உதவித்தொகையை வருமானத்தில் சேர்க்க வேண்டியதில்லை என்று விதியை மாற்றியது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் மையப் பகுதியில் 2021இல் திறக்கப்பட்ட 'ஹில்டா சோலிஸ் கேர் ஃபர்ஸ்ட் வில்லேஜ்' எதிர்த் திசையிலான எடுத்துக்காட்டு. மொத்தம் 232 பேருக்கு இடம். 66 பெட்டகங்களைக் கொண்ட மூன்று தளக் கட்டடங்களில் 132 அறைகளும், தனித்தனி நகர்வு வீடுகளில் மீதமும் அமைந்தன. செலவு சுமார் 5.7 கோடி டாலர். ஒருவருக்கு ஏறத்தாழ 2.45 லட்சம் டாலர். பெரும்பகுதி கொரோனா நிவாரண நிதியிலிருந்து வந்தது. அந்நிதியை 2020 இறுதிக்குள் செலவிட வேண்டும் என்ற கெடு இருந்தது. நிலம் மாவட்ட நிர்வாகத்துக்கே சொந்தம். நிலமும் பணமும் கைவசம் இருந்ததால் சில மாதங்களில் கட்டி முடிக்க முடிந்தது. அடித்தளம் போடும் வேளையிலேயே தொழிற்சாலையில் அறைகள் தயாராயின என்பது பெட்டக முறையின் உண்மையான ஆதாயம்.

கட்டட விதிகள்

சரக்குப் பெட்டகத்துக்குத் தனிப் பாதுகாப்பு விதிகள் உண்டு. 1972இல் உருவான பாதுகாப்பான பெட்டகங்களுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின்படி ஒவ்வொரு பெட்டகத்திலும் சோதனை விவரம் பொறித்த தகடு இருக்கும். ஆனால் அது சரக்குக்கான சான்று. மனிதர் வசிக்கும் கட்டடத்தின் காற்றுச் சுமை, நிலநடுக்கச் சுமை, தீத்தடுப்பு, வெளியேறும் வழி ஆகியவற்றுக்கு அது விடை தராது.

நீண்ட காலம் அமெரிக்க நகர அலுவலர்கள் ஒவ்வொரு பெட்டகக் கட்டடத்தையும் தனித்தனியே ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. விதி இல்லாத இடத்தில் ஒவ்வொரு விண்ணப்பமும் புதுமுயற்சி. ஒவ்வொரு தாமதமும் வட்டிச் செலவு. 2021ஆம் ஆண்டுப் பன்னாட்டுக் கட்டட விதித்தொகுப்பில் சரக்குப் பெட்டகங்களுக்கென 3115ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. பெட்டகத்தின் அடையாளத் தகவல், துரு அல்லது சிதைவு குறித்த ஆய்வு, சுவரில் வெட்டும் பகுதிகளின் வரம்பு, கட்டமைப்புக் கணக்கு ஆகியவற்றை அது வரையறுத்தது.

பழைய பெட்டகத்தைப் பொறுத்தவரை மேலும் சில கவலைகள் உண்டு. தரைப் பலகைகள் பூச்சிக்கொல்லி ஊட்டப்பட்டவை. கடற்பயணத்தைத் தாங்கும் வண்ணப்பூச்சு வீட்டுக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. முன்பு என்ன சரக்கு ஏற்றப்பட்டது என்பதும் எளிதில் தெரிவதில்லை. தரையை மாற்றினால் செலவு கூடும். இதனால் பல நிறுவனங்கள் ஒரே பயணம் செய்த பெட்டகத்தையோ, வீட்டுக்காகவே செய்த புதுப் பெட்டகத்தையோ தேர்கின்றன.

வங்கிக் கடனின் தடைகள்

அரசும் வீட்டுவசதிச் சங்கமும் கட்டும் தொகுப்புகளுக்கு நிதி ஒருவகையில் கிடைத்துவிடுகிறது. தனிக் குடும்பம் ஒன்று கண்டெய்னர் வீடு கட்ட வங்கிக்குச் செல்லும்போது பல நாடுகளிலும் ஒரே வகைத் தடைகள் எழுகின்றன.

முதல் தடை, வீடு அசையாச் சொத்தா என்பது. அடமானக் கடன் நிலத்தோடு பிணைந்த சொத்துக்குத் தரப்படுவது. லாரியில் ஏற்றிச் செல்லக்கூடிய பெட்டகம் நிரந்தர அடித்தளத்தில் பொருத்தப்பட்டு, அனுமதி பெற்று, பதிவேட்டில் ஏறிய பின்பே அசையாச் சொத்தாகக் கருதப்படும். அதுவரை அது பொருள். வட்டி கூடிய குறுகிய காலக் கடனே அதற்குக் கிடைக்கும்.

இரண்டாம் தடை மதிப்பீடு. அருகில் அண்மையில் விற்ற ஒத்த வீடுகளின் விலையைக் கொண்டே மதிப்பீட்டாளர் சொத்தின் மதிப்பைச் சொல்கிறார். அவ்வட்டாரத்தில் வேறு கண்டெய்னர் வீடு விற்றதில்லை என்றால் ஒப்பிட ஏதுமில்லை. கட்ட ஆன செலவைவிடக் குறைந்த மதிப்பு வருவதும், மிச்சத்தைக் கட்டுபவர் கைப்பணத்தில் போடுவதும் வழக்கம்.

மூன்றாம் தடை பணம் விடுவிக்கும் ஒழுங்கு. கட்டுமானக் கடனை வங்கி படிப்படியாகத் தருகிறது: அடித்தளம் முடிந்தால் ஒரு பகுதி, சுவர் எழுந்தால் ஒரு பகுதி. கண்டெய்னர் வீட்டில் பெரும்பணி தொலைவிலுள்ள தொழிற்சாலையில் நடக்கிறது. தொழிற்சாலை முன்பணம் கேட்கும். நிலத்தில் அப்போது ஒன்றும் எழுந்திருக்காது. காலி நிலத்தின் மேல் வங்கி பணம் விடுவிப்பதில்லை.

பெட்டகத்தின் விலையும் வீட்டின் விலையும்

கண்டெய்னர் வீடு மலிவு என்ற எண்ணம் பெட்டகத்தின் விலையிலிருந்து வருகிறது. பெட்டகம் தருவது சட்டகமும் வெளிச்சுவரும் கூரையும் மட்டுமே. அடித்தளம், வெப்பத்தடுப்பு, உட்சுவர், மின்சாரம், குழாய், சன்னல், காற்றோட்டம், கிரேன் வாடகை, நில விலை ஆகியவை எந்த வீட்டுக்கும் உள்ள செலவுகள். எஃகு வெப்பத்தை எளிதில் கடத்துவதால் வெப்பத்தடுப்புக்குச் சாதாரணச் சுவரைவிடக் கூடுதல் கவனம் வேண்டும். இல்லையெனில் உட்புற ஈரம் தகட்டில் நீர்த்துளியாகப் படிந்து துருவும் பூஞ்சையும் உண்டாகும்.

பெட்டக விலையும் நிலையானதல்ல. 2020, 2021 ஆண்டுகளில் பெருந்தொற்றால் கப்பல் போக்குவரத்து குழம்பியபோது உலகெங்கும் பெட்டகத் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை பல மடங்கு உயர்ந்தது. தேங்கிய பெட்டகத்தை நம்பி வகுத்த வரவுசெலவுத் திட்டங்கள் அப்போது தடுமாறின.

ஆகவே பெட்டக முறையின் நிதி ஆதாயம் பொருளின் மலிவைவிடக் காலத்தின் மிச்சத்தில் இருக்கிறது. கட்டும் காலம் குறைந்தால் வட்டி குறையும், வாடகை முன்னதாக வரும், விடுதிக்குக் கொடுக்கும் இரவு வாடகை நிற்கும். ஒரே மாதிரியான பல வீடுகளைச் சேர்த்துச் செய்யும்போதே இந்த மிச்சம் பெரிதாகிறது. ஒற்றை வீட்டில் அது பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

மதிப்பீடு

கண்டெய்னர் சிட்டி முதல் லாஸ் ஏஞ்சல்ஸ் வரையிலான இருபதாண்டு அனுபவத்தில் ஒரு பொதுத் தன்மை காணப்படுகிறது. எஃகு பல பத்தாண்டு நிற்கும் தன்மை உடையது. அதன் கீழிருந்த நிலத்துக்கான அனுமதியோ பெரும்பாலும் ஐந்து ஆண்டு. குறுகிய அனுமதி வாடகையை உயர்த்தியது அல்லது தரத்தைக் குறைத்தது. அனுமதி நீட்டிக்கப்பட்டபோது, குறுகிய காலத்துக்கென வடிவமைத்த அறையில் மக்கள் நீண்ட காலம் வாழ நேர்ந்தது.

கீட்வோனனில் இந்த முரண் பெரிதாக உறுத்தவில்லை. அங்கு வாழ்ந்த மாணவர் சில ஆண்டுகளில் வெளியேறுவது உறுதியாக இருந்தது. கட்டடம் நீடித்தாலும் குடியிருப்பவர் மாறிக்கொண்டே இருந்தார். லண்டனில் குடும்பங்களுக்கு அடுத்த வீடு எது என்பது உறுதியாகாமலே பெட்டகம் தரப்பட்டது. ஒரே அளவுள்ள பெட்டி ஓரிடத்தில் விரும்பப்படும் முகவரியாகவும் மற்றோரிடத்தில் குழந்தைகள் ஆணையரின் அறிக்கைக்கு உரிய பொருளாகவும் ஆனதற்கு இதுவே காரணம். புதிய பெட்டகக் குடியிருப்புக்கான திட்டம் எதையும் ஆராயும்போது, பெட்டியின் விலைக்கு முன் கேட்கப்பட வேண்டியவை மூன்று: நிலம் எத்தனை ஆண்டுக்கு, பணத்தோடு வந்த நிபந்தனை யாரை விலக்குகிறது, குடியேறுபவர் அங்கிருந்து எங்கே செல்வார்.